சூடாவது என்ஜினா, மீட்டர் முள்ளா? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

நான் சென்னை தண்டையார்பேட்டைக்காரன். வாசலில் அப்பா விட்டுப்போன அம்பாசிடர் ஒன்றும், நான் ஓட்டும் 1998 மாருதி 800 ஒன்றும் நிற்கின்றன. தொழிலால் நான் மெக்கானிக் இல்லை. இந்த இரண்டு வண்டிகளும், தெருவில் நண்பர்கள் வைத்திருக்கும் பத்மினி, ஆம்னி, எஸ்டீம் எல்லாமும் சேர்ந்து "வண்டி சூடாகுது" என்ற ஒரே புகாரை இருபது வருடமாக எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அக்னி நட்சத்திரம் தொடங்கினால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்தில் இந்தப் புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் உப்பு இருக்கிறது. ரேடியேட்டருக்குள் ஊற்றும் போர் தண்ணீரில் உப்பு. காசிமேட்டுப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் உப்பு. முதல் உப்பு என்ஜினை நிஜமாகவே சூடாக்கும். இரண்டாவது உப்பு வயர்களை அரித்து மீட்டரைப் பொய் சொல்ல வைக்கும். எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் ரேடியேட்டரை மாற்றுவது, வாட்டர் பம்பை மாற்றுவது என்று இறங்கினால் பணம் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். துப்பாக்கி மாதிரி பிடித்து வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த நீள வயர், டார்ச், பழைய கனத்த துணி, ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கும்.

வழியில் முள் ஏறிவிட்டால் முதலில் செய்வது

ஏசியை அணையுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். மே மாதத்தில் இது கொடுமைதான், ஆனால் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். கொஞ்சம் வெப்பத்தை அது இழுத்துக்கொள்ளும். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் ஓரம்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது, அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்களே என்ற பதற்றத்தில் மூடியைத் திறந்து முழங்கை வரை தோல் உரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால்தான் துணி போட்டு, மூடியைக் கால் திருப்பு மட்டும் திருப்பி, காற்று போகவிட்டு, பிறகு திறக்கலாம்.

கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. மாருதி 800-இன் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) அலுமினியம், சட்டென்று வளைந்துவிடும். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் ஹெட் வார்ப்பிரும்பு. அது எளிதில் வளையாது, ஆனால் விரிசல் விடும்.

முதல் சோதனை: முள் சொல்வது உண்மையா?

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். பத்து நிமிட வேலை.

மேல் ஹோஸ் என்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு உலோகக் கூடு இருக்கும். என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த என்ஜினில் அந்தக் கூட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். பளபளப்பான உலோகத்தை நேராகப் பார்த்தால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப்பைப் பார்த்தால் ஓரளவு சரியாகச் சொல்லும். வண்டியை ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடான பிறகு டேப்பின் மேல் பிடித்துப் பாருங்கள்.

80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் என்ஜின் நலம். முள் சிவப்பில் இருந்தாலும் அது மீட்டர் கதை. 105-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் உடனே அணையுங்கள், நிஜமாகவே சூடாகிறது. நடுவில் இருந்தால் ஏறுகிறதா, நிலையாக நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். தெர்மாமீட்டர் 85 காட்டும்போது முள் எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில் மீட்டர் கண்ணாடியின் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். எதிர்காலத்தில் அந்தப் புள்ளிதான் உங்களுக்கு அளவு. பழைய மீட்டரில் சி (குளிர்), எச் (சூடு) என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே என்ன டிகிரி என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அறிகுறி: முள் சிவப்பில் நிற்கிறது, என்ஜின் சாதாரணமாக இருக்கிறது

சாவியைப் போட்டவுடனே, குளிர்ந்த என்ஜினிலேயே முள் மேலே ஓடினால்: என்ஜினில் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒற்றை வயர் எங்கோ உரிந்து பாடியில் தொடுகிறது, அல்லது சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. சென்சாரிலிருந்து வயரைக் கழற்றுங்கள். முள் கீழே விழுந்தால் சென்சார் போச்சு. விழாமல் அங்கேயே நின்றால் வயர். என்ஜின் சுவரைத் தாண்டி டேஷ்போர்டுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருக்கும். பெரும்பாலும் அங்கேதான் வயர் உரியும்.

ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது என்றால்: இது எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) கோளாறு. இதை எங்கள் அம்பாசிடரில் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். இரவில் மட்டும் சூடாகிறது என்று அப்பா ஒரு பட்டறையில் விட்டார். ரேடியேட்டர் கோர் மாற்றினார்கள். திரும்ப விட்டபோது வாட்டர் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது முறை ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். பகலை விட இரவு குளிர்ச்சிதானே, இரவில் மட்டும் எப்படிச் சூடாகும் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் ராயபுரம் மேம்பாலத்தில் போகும்போது அப்பாதான் கவனித்தார்: டெம்பரேச்சர் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறியது. டேங்கில் பெட்ரோல் தானாகக் கூடுமா? மீட்டர் போர்டுக்குப் பின்னால் பார்த்தால் எர்த் வயரின் முனை பச்சைக் களிம்பு பூத்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை வைத்து முறுக்கினோம். அன்றோடு தீர்ந்தது.

அதனால் இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் என்ஜின் பக்கமே போகாதீர்கள். முதலில் மீட்டர் போர்டு எர்த். அது சரியாக இருந்தால், பல பழைய வண்டிகளில் மீட்டருக்குப் பின்னால் உள்ள சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியின் 12 வோல்டைச் சுமார் 10 வோல்டாகக் குறைத்து இரண்டு மீட்டருக்கும் கொடுக்கும் டப்பா அது. அது கெட்டால், அல்லது அதற்கு எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால், முழு வோல்டேஜ் போய் இரண்டு முள்ளும் மேலே நிற்கும்.

ஓட ஓட மெல்ல ஏறி, எப்போதும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால்: அண்மையில் சென்சார் மாற்றினீர்களா? மரை ஒன்றாக இருந்தால் வேறு வண்டியின் சென்சாரும் உட்கார்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனிக் கணக்கு. பழைய சென்சாரை எடுத்துக்கொண்டு போய் அதே பார்ட் எண் பார்த்து வாங்குங்கள். ஜி.பி. ரோட்டில் புதிது கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கலாம். பழையதை வாங்கினால் மல்டிமீட்டரோடு போங்கள்.

சென்சாரைச் சோதிக்க: மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரின் தலையில், இன்னொன்று அதன் உடம்பில். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் அடிப்பகுதி மட்டும் மூழ்கும்படி பிடித்துச் சூடாக்குங்கள். குளிர்ந்தபோது நூற்றுக்கணக்கில் இருக்கும் ஓம் அளவு, கொதிக்கும்போது பத்துக் கணக்கில் இறங்க வேண்டும். சீராக இறங்கினால் நல்லது. நடுவே துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ மாற்றுங்கள்.

இதற்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. மீட்டரைப் பிரித்து உள்ளே கை வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி அவ்வளவு மெலிது.

அறிகுறி: முள் எழவே இல்லை, அல்லது மிகக் குறைவாகக் காட்டுகிறது

இதைப் பார்த்துப் பலர் சந்தோஷப்படுகிறார்கள். "நம்ம வண்டி கூலா ஓடுது" என்பார்கள். எனக்கு இதுதான் அதிகப் பயம். வயர் முனையில் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். தடை கூடினால் மீட்டர் என்ஜின் குளிர்ந்திருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். அதாவது, சென்சார் முனையில் உப்பு அரித்தால் முள் குறைத்தே சொல்லும். நிஜமாகவே கொதிக்கும் நாளில் அந்த முள் உங்களை எச்சரிக்காது.

சென்சார் வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வயர் முனையை என்ஜினின் சுத்தமான உலோகத்தில் தொடுங்கள். இரண்டு மூன்று நொடி மட்டும், அதற்கு மேல் வைத்தால் சில மீட்டர்கள் எரிந்துபோகும். முள் மேலே கிளம்பினால் மீட்டரும் வயரும் நலம். சென்சாரோ அதன் எர்த்தோதான் கோளாறு. கிளம்பாவிட்டால் ஃபியூஸ், வயர், மீட்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

சென்சாருக்குத் தனி எர்த் வயர் கிடையாது. அதன் மரைதான் எர்த். ஒழுகக் கூடாது என்று மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. அதுவே எர்த்தைக் கெடுத்துவிடும். அடுத்து, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை. கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் இது தொட்டால் பொடியாகும். கிளிப் வயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை என்ஜின் பிளாக்கிலும் மாட்டுங்கள். முள் உடனே நகர்ந்தால் பட்டையை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும், ஸ்டார்ட்டிங்கும் சேர்ந்து நன்றாகும்.

மிகப் பழைய சில வண்டிகளில் வயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் மீட்டர் வரை போகும். அது மடிந்து உடைந்தால் முள் செத்துவிடும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, மீட்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

மின்சாரம் எல்லாம் சரி, தெர்மாமீட்டரும் 60, 65 டிகிரிதான் காட்டுகிறது என்றால் என்ஜின் உண்மையிலேயே குளிர்ந்து ஓடுகிறது. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் அதைவிட அதிக வாய்ப்பு, யாரோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். "மெட்ராஸ் வெயிலுக்கு அது எதுக்கு சார்" என்று சொல்லிக் கழற்றுவது பட்டறைகளில் பழக்கமாகவே இருக்கிறது. நான் இதை முழுமையாக மறுக்கிறேன். வால்வு இல்லாத என்ஜின் சூடேற நெடுநேரம் எடுக்கும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் தங்கிக் கசடு சேரும். எல்லாவற்றையும் விட, உள்ளே இருக்கும் உண்மையான அடைப்பை அது கொஞ்ச நாள் மறைத்துவைக்கும்.

புது வால்வைப் பொருத்தும் முன் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்பது போல ஒரு எண் அடித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். ஸ்பிரிங்கும் மெழுகுக் குடுவையும் உள்ள பக்கம் என்ஜினைப் பார்த்து உட்கார வேண்டும்.

அறிகுறி: முள் கீழே இருக்கிறது, ஆனால் பானெட்டில் ஆவி

உடனே அணையுங்கள். ஒரு விநாடியும் ஓட்டாதீர்கள்.

சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் வடிந்துபோய் அது வெறும் காற்றில் நின்றால் முள் இறங்கும். இறங்குகிறதே என்று நம்பி மாதவரம் வரை ஓட்டிய ஆம்னி ஒன்று எங்கள் தெருவில் என்ஜின் ஜாம் ஆகி வந்து இறங்கியது. வெடித்த ஹோஸ், கழன்ற கிளிப், விரிந்த ரேடியேட்டர் தொட்டி, இந்த மூன்றில் ஒன்று இருக்கும். இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இதோடு சார்ஜ் விளக்கும் சிவப்பாக எரிந்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கிறது. அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 மூன்றிலும் அந்த ஒரே பெல்ட்தான் சார்ஜிங்கையும் வாட்டர் பம்பையும் ஓட்டுகிறது. டிக்கியில் ஒரு பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.

அறிகுறி: நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு இது பழக்கமான கோளாறு. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் வேலை செய்ய வேண்டும். அதனால் ஃபேனைப் பாருங்கள்.

முதலில் ரேடியேட்டரின் முன்பக்கம். மணலி, எண்ணூர் பக்கம் தினமும் போய்வரும் வண்டி என்றால் சாம்பலும் நிலக்கரித் தூளும் எண்ணெயோடு சேர்ந்து தகடுகளுக்கு நடுவே களிமண்ணாக உட்கார்ந்திருக்கும். ஏசி வண்டிகளில் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. வெளியே சுத்தமாகத் தெரியும், அந்த இடுக்கில் பிளாஸ்டிக் பையும் வேப்பிலையும் அடைந்திருக்கும். குழாய்த் தண்ணீரை என்ஜின் பக்கமிருந்து வெளியே போகும்படி, அழுத்தம் குறைத்து அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அம்பாசிடர், பத்மினி மாதிரி பெல்ட் ஃபேன் உள்ள வண்டிகளில்: இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் சுமார் அரை அங்குலம் உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் முறுக்குங்கள். பளபளவென்று வழுக்கையாக இருந்தால் மாற்றுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள கூடு இருக்கிறதா? விபத்தில் உடைந்தபோது மாட்டாமல் விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் பக்கத்துக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

மின்சார ஃபேன் உள்ள மாருதி போன்ற வண்டிகளில்: 95 டிகிரியை ஒட்டி ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடாவிட்டால் ஃபேன் சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். இது மீட்டர் சென்சார் இல்லை, பல வண்டிகளில் இரண்டும் தனித்தனி. இரண்டு வயர் இருந்தால் இரண்டையும் இணையுங்கள், ஒற்றை வயர் என்றால் எர்த்தில் தொடுங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்சை மாற்றினால் போதும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே. அதற்கும் பிறகு பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக வயர் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால் மோட்டார்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் ஏறுகிறது என்றால் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்னே பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் தாளை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும். தாள் வெளியே பறந்தால் யாரோ வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இதை நான் இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் மோட்டார் புதிதாக மாற்றிய சில நாட்களில்தான் புகார் தொடங்கியிருந்தது.

ஃபேனை நேரடியாகச் சுவிட்ச் வைத்து எப்போதும் ஓடும்படி விடுவது தீர்வு இல்லை. அவசரத்துக்கு வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

அறிகுறி: நகருக்குள் நன்றாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் ஏறுகிறது

செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி நோக்கி எழுபது எண்பதில் போகும்போது மெல்ல மெல்ல ஏறினால், காற்று போதுமான அளவு கிடைக்கிறது, தண்ணீர்தான் ஓடவில்லை.

ரேடியேட்டர் மூடியில் தொடங்குங்கள். விலை குறைவு, மாற்றுவது சுலபம். ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அழுத்தம் நிற்காது, தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். பழைய மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். கூடுதல் எண் நல்லது என்று போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும்.

கீழ் ஹோஸ் அடுத்தது. ஆளை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலரேட்டரைக் கொடுக்கச் சொல்லுங்கள். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் தட்டையாக ஒட்டிக்கொண்டால், உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துக் கரைந்திருக்கிறது. நின்ற வண்டியில் இது தெரியவே தெரியாது.

அப்புறம் ரேடியேட்டர் அடைப்பு. சூடான ரேடியேட்டரின் மேல் தெர்மாமீட்டரை வரிசையாக ஓட்டுங்கள், ஃபேனில் கை படாமல். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவே ஒரு பகுதி மட்டும் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

இங்கேதான் போர் தண்ணீர் வருகிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக் கடலோரத் தெருக்களிலும் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. நம் வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே படிவு, ரேடியேட்டரின் நூலளவுக் குழாய்களிலும் என்ஜின் உள்சுவரிலும் படிகிறது. உப்பு துருவையும் வேகப்படுத்துகிறது. தண்ணீரைத் திறந்துவிட்டால் டீ நிறத்தில் வந்தால் இதுதான்.

அடைப்பு லேசாக இருந்தால், பழைய செம்பு பித்தளை ரேடியேட்டருக்கு மட்டும், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) நல்ல மருந்து. மின்ட் பக்கம் மளிகை மொத்தக் கடைகளில் கிடைக்கும். லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ஆறியதும் திறந்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் வரும் வரை நான்கைந்து முறை கழுவுங்கள். ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய ரேடியேட்டரில் அந்தப் படிவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். கழுவிய மறுநாள் ஒழுகத் தொடங்கினால் எலுமிச்சை உப்பின் குற்றம் இல்லை, ஓட்டை முன்பே இருந்தது. அலுமினிய ரேடியேட்டர் என்றால் இதைச் செய்யாதீர்கள். அதற்கென்று விற்கும் கழுவும் திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

கழுவியும் தீராவிட்டால் ரேடியேட்டர் கடை. பித்தளை ரேடியேட்டரைத் தொட்டி பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப ஈயம் பற்றவைப்பார்கள். புதிதாக வாங்குவதை விட அதையே நான் விரும்புவேன். கடையில் கிடைக்கும் மலிவான மாற்று ரேடியேட்டர்களில் குழாய் வரிசை குறைவாக இருப்பது உண்டு.

திரும்ப நிரப்பும்போது கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. "இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு" என்று கேட்பார்கள். துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். முன்பு இருந்த கூலன்டின் வகை தெரியாவிட்டால் முழுதும் கழுவிவிட்டு ஊற்றுங்கள். வேறு வேறு வகை கலந்தால் கூழாகிவிடலாம்.

வாட்டர் பம்ப் கடைசியில். அதன் அடியில் ஒரு சிறிய துளை உண்டு, அதில் சொட்டினால் சீல் போச்சு. ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போச்சு. பாயிண்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் இழுவையும் குறைந்திருந்தால் டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி அடிக்கும் நேரத்தை) சரிபார்க்கச் சொல்லுங்கள், டைமிங் பின்தங்கினாலும் சூடாகும்.

அறிகுறி: முள் ஏறி இறங்கி ஊசலாடுகிறது

சட்டென்று துள்ளினால் வயர் தளர்வு. மெல்ல ஏறி, திடீரென இறங்கி, மறுபடி ஏறினால் தண்ணீர் குறைவு, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. தண்ணீர் மாற்றிய பிறகு இது சகஜம். வண்டியின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டரைத் திறந்துவைத்து ஓடவிடுங்கள். வால்வு திறந்ததும் தண்ணீர் சடாரென்று உள்ளே இறங்கும், குமிழ் வரும். குமிழ் நிற்கும் வரை நிரப்புங்கள்.

காற்றை எடுத்தும் குமிழ் நிற்கவே இல்லை என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

அறிகுறி: தண்ணீர் குறைகிறது, ஒழுகல் தெரியவில்லை

இரவில் வண்டிக்கடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் ஈரத்திட்டு எங்கே என்று பாருங்கள். ஹோஸ் கிளிப்பில் வெள்ளைப் படிவு, முன் இருக்கையின் கால்மிதி ஈரம், பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு மூடிகளைச் சுற்றித் துரு, இவை மூன்றும் அதிகம் தப்பிவிடும் இடங்கள். போர் தண்ணீர் ஊற்றிய அம்பாசிடர்களில் அந்தத் தகட்டு மூடிகள் உள்ளிருந்தே அரித்து ஓட்டையாகின்றன.

வெளியே எங்கும் இல்லை என்றால் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்தில், சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது. சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் இனிப்பு வாசனை இருந்தால் கூலன்ட் எரிகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்திருக்கும், அந்த சிலிண்டர்தான். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் நிறம் தெரிந்தால் மட்டும் முடிவு கட்டாதீர்கள். கார்த்திகை மழையில் பக்கத்துத் தெரு வரை மட்டுமே ஓடும் வண்டியிலும் அது வரும். ஆயில் குச்சியிலேயே மோர் மாதிரி இருந்தால் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். கசிவை அடைக்கும் தூள், முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள்தூள் எதையும் ஊற்றாதீர்கள். அவை நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். செய்யாமலே ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஹெட் கழன்றால் லேத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். நேர்விளிம்புப் பட்டையை ஹெட்டின் மேல் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, எவ்வளவு வளைந்திருக்கிறது என்று ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) காட்டச் சொல்லுங்கள். முன்பு எத்தனை முறை ஃபேஸிங் (இழைத்துத் தட்டையாக்குவது) செய்திருக்கிறது என்று தெரிந்தால் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் அளவுக்கு மேல் இழைத்த ஹெட் மறுபடி சூடாகும். விரிசல் சோதனையும் கேளுங்கள். பிளாக்கின் தண்ணீர் வழிகள் அப்போது திறந்திருக்கும், அதில் அடைந்த துருச்சேற்றைக் கம்பியால் கிளறி எடுக்க அதுதான் சமயம். மெக்கானிக் அவசரப்பட்டால், "அண்ணே, அரை நாள் தாமதமானாலும் பரவாயில்லை, இதை மட்டும் சுத்தம் பண்ணிடலாம்" என்று கேட்டு நில்லுங்கள். எங்கள் அம்பாசிடரில் இரண்டாம் முறை ஹெட் கழற்றியபோது பின்பக்க சிலிண்டரைச் சுற்றி ஒரு டம்ளர் நிறையச் சேறு வந்தது. முதல் முறை யாரும் எடுக்காமல் விட்ட சேறு அது.

மாட்டிய பிறகு ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் முறுக்குகிறார்களா என்று பாருங்கள். வண்டியை எடுத்த முதல் வாரம், தினமும் காலையில் ஆறிய என்ஜினில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மீட்டர் கண்ணாடியில் வைத்த நகப்பூச்சுப் புள்ளியையும் பாருங்கள்.